பாவு கிலோவும் 0.250-உம்

ஹைதராபாத் ரைது பஜாரில் நுழைந்ததும் விலைப் பலகை கண்ணில் படும். தக்காளி, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் என்று அன்றைய கிலோ விலை வரிசையாக எழுதியிருக்கும். விவசாயிகளே நேரில் விற்கட்டும் என்று 1999இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் தொடங்கிய சந்தைகள் இவை. எர்ரகட்டா, மெஹதிப்பட்டினம், கூகட்பல்லி என்று நகரத்தின் பல பகுதிகளில் நடக்கின்றன. வாங்க வருகிறவர் 'பாவு கிலோ' கேட்பார், அதாவது கால் கிலோ. எலெக்ட்ரானிக் தராசில் 0.250 என்று எண் வந்து நிற்கும். சில சமயம் 0.265 என்று நிற்கும். விற்கிறவர் நாலு மிளகாயைத் திரும்ப எடுப்பார், அல்லது போகட்டும் என்று விட்டுவிடுவார். பலகையில் முழு எண், வாயில் பின்னம், தராசில் தசமம், கையில் நோட்டும் சில்லறையும். நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் பெரும்பகுதி அரை நிமிடத்தில் அங்கே நடந்து முடிந்துவிடுகிறது.

'பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள், கணக்கு தானாக வரும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பாடப்புத்தகம் எழுதுகிறவர்களும் இதை நம்பித்தான் கடை, பேருந்து, சமையல் என்று வாக்கியக் கணக்குகளை நிரப்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், கடைக்குப் போகிற பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குக் கூடவே வருவதில்லை. பள்ளியில் கற்ற கணக்கும் கடைக்குப் போவதில்லை. இரண்டையும் சேர்க்க யாராவது வேண்டும். தசமத்தைப் பொறுத்தவரை, எல்லாரும் நம்பியிருக்கிற ரூபாய்–பைசா அந்த வேலையைச் செய்வதில்லை என்பதும், வீட்டிலும் சந்தையிலும் புழங்கும் கால், அரை, முக்கால்தான் அதற்கு உகந்தவை என்பதும் என் கருத்து.

அந்த ஆய்வுகளில் ஒன்று பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் நடந்தது. தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் தெரேசினியா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் முதலில் வாடிக்கையாளர்களாகப் பேச்சுக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு 9 முதல் 15 வயது. பத்து தேங்காய் எவ்வளவு, இவ்வளவு கொடுத்தால் பாக்கி எவ்வளவு என்று கேட்டதில் 98 சதவீதம் சரியான விடை. பிறகு அதே எண்களை வைத்துத் தாளும் பென்சிலும் கொடுத்துக் கேட்டார்கள். வாக்கியக் கணக்காகக் கேட்டபோது சுமார் 74 சதவீதம் சரி. வெறும் எண்களாகக் கொடுத்தபோது சுமார் 37 சதவீதம்தான். 35 குரூசேரோ விலையுள்ள தேங்காய் பத்துக்கு ஒரு சிறுவன் விலை சொன்ன விதம் இது: மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, பிறகு 315, கடைசி ஒன்றோடு 350. பத்தால் பெருக்க ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்ற பள்ளி விதியை அவன் தொடவே இல்லை. 1985இல் வெளிவந்த இந்தச் சிறிய ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

நம் நாட்டுச் சந்தைகளில் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் கேட்ட ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் இருந்த குழு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்த 1,436 பிள்ளைகளையும், சந்தை அனுபவம் இல்லாத 471 பள்ளிப் பிள்ளைகளையும் சோதித்தது. விற்பனையில் இரண்டு மூன்று பொருளின் விலையைச் சேர்த்து, மிச்சம் கொடுத்து, தாள் இல்லாமல் சமாளித்த பிள்ளைகள் பாடப்புத்தக வடிவத்தில் வந்த எளிய கழித்தலிலும் வகுத்தலிலும் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் நேர்மாறு. தாளில் வந்த எளிய கணக்கை அவர்கள் இவர்களைவிட நன்றாகப் போட்டார்கள். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட்ட ஒரு கடைக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்தான் போட முடிந்தது. சின்னத் தொகைக்கும் கோடு போட்டு எழுதித்தான் கணக்கிட்டார்கள். இந்த இரண்டாவது பாதி எனக்கு அதிகம் கவலை தருகிறது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பள்ளிக்கு ஒழுங்காக வருகிற பிள்ளைக்கு என்ன குறை என்று நாம் கேட்பதே இல்லை.

மும்பை தாராவியில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தைச் சேர்ந்த அரிந்தம் போஸும் கே. சுப்பிரமணியமும் செய்த ஆய்வு இதற்கு இன்னொரு நுட்பம் சேர்த்தது. வீட்டில் நடக்கும் தையல், சரிகை போன்ற வேலைகளில் கைகொடுத்த பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் கவனித்தார்கள். வேலை செய்ததனால் மட்டும் கணக்கறிவு விரியவில்லை. பொருளைத் தேர்ந்தெடுப்பது, அளவைத் தீர்மானிப்பது, கூலியைப் பேசுவது என்று முடிவெடுக்கும் பங்கு இருந்த பிள்ளைகளிடம் அது விரிந்திருந்தது. ஒரே மணியை ஒரே நூலில் நாள் முழுக்கக் கோத்த பிள்ளைக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. வகுப்பறைக்கும் இது பொருந்தும். ஒரே வகைக் கணக்கை ஐம்பது தடவை போடும் பிள்ளை எந்த முடிவும் எடுப்பதில்லை.

வாக்கியக் கணக்கு என்ற வடிவத்தின் பலவீனமும் இங்கேதான். 1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள்: கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் எண்களைச் சேர்த்து ஒரு வயதைச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1983இல் நடந்த தேசியத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி: ஒரு பேருந்தில் 36 பேர் போகலாம், 1,128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? 70 சதவீதம் பேர் சரியாக வகுத்தார்கள். 32 பேருந்து என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான். அவர்களைவிட அதிகமானவர்கள், 29 சதவீதம் பேர், '31 மீதி 12' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். அந்த மீதி பன்னிரண்டு மனிதர்கள் என்பது அவர்கள் நினைவில் இல்லை.

நம் வகுப்புகளில் இதை நாமே பழக்குகிறோம். 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, 'ஒவ்வொருவருக்கும்' வந்தால் வகு என்று குறிச்சொல் பிடித்துப் போடச் சொல்லித் தருவது டியூஷன்களில் சர்வ சாதாரணம். கேள்வித்தாளும் அதற்கு ஒத்துப்போகிறது: கூட்டல் பாடத்தின் முடிவில் வரும் பத்து வாக்கியக் கணக்குகளும் கூட்டல்தான். வாக்கியத்தைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. 'ரமாவிடம் 24 வளையல், அது சபாவிடம் இருப்பதைவிட 6 அதிகம், சபாவிடம் எத்தனை?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் 30 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. வாக்கியத்தைப் படமாக வரைந்து பார்த்த பிள்ளை 18 என்கிறது. சிங்கப்பூரில் 1980களில் வந்த பட்டைப்பட முறை, இரண்டு அளவுகளையும் நீள்கட்டங்களாக ஒன்றின்கீழ் ஒன்று வரைந்து பார்க்கும் முறை, இந்த ஒரு தடுமாற்றத்துக்காகவே நம் தொடக்கப் பள்ளிகளுக்கு வர வேண்டியது. இரண்டு கோடும் ஓர் அளவுகோலும் போதும்.

முடிவெடுக்க வைக்கும் கணக்கு என்றால் எப்படி இருக்கும்? ஹைதராபாத் நகரப் பேருந்து ஒன்றைத் தருகிறது. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் மகாலட்சுமி திட்டத்தின்படி பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. நடத்துநர் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். இப்போது கேளுங்கள்: ஒரு டிக்கெட் 20 ரூபாய், அப்பா, அம்மா, பத்து வயது மகள், பதினைந்து வயது மகன் நான்கு பேரும் ஏறினால் எவ்வளவு? குறிச்சொல் பழக்கத்தில் வந்த பிள்ளை 80 என்று பெருக்கும். பேருந்தில் போய்ப் பழகிய பிள்ளை 40 என்னும். சென்னையிலிருந்து வந்திருக்கும் அத்தையும் கூட வந்தால்? இலவசம் தெலங்கானாவில் வசிப்பவர்களுக்கு மட்டும், எனவே 60. கணக்கு இரண்டாம் வகுப்புக் கணக்குதான். யாரை எண்ணுவது என்று தீர்மானிப்பதில்தான் வேலை இருக்கிறது. அத்தையைப் பற்றி வகுப்பில் ஒரு வாக்குவாதம் வந்தால் அந்த நாள் கணக்கு நன்றாக நடந்தது என்று பொருள்.

அன்றாட வாழ்விலிருந்து கணக்கு எடுப்பது இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. ராஷ்டிரகூடர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மகாவீரர் வடமொழியில் எழுதிய கணித சார சங்கிரகத்தைப் பாவுலூரி மல்லனா தெலுங்குச் செய்யுளாகக் கொண்டுவந்தார். தெலுங்கின் முதல் கணித நூல் என்று அதைச் சொல்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் வேங்கியை ஆண்ட ராஜராஜ நரேந்திரன் காலத்தவர் மல்லனா என்பது மரபு. அந்த அரசன் நம் முதலாம் ராஜராஜ சோழனின் மகள் குந்தவைக்குப் பிறந்தவன். தமிழில் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் என்று ஊர்க் காரியங்களையே கணக்காக்கியது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிக் காணி, மா, வீசம் என்று பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இந்தக் கல்வியின் சமூகப் பின்புலத்தை, யாருக்கு அது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதோடு சேர்த்து, து. செந்தில்பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனப்பாடத்தின் சுமையைத் திரும்பக் கொண்டுவர நான் சொல்லவில்லை. பின்னத்தை முழு எண்ணுக்கு அடுத்தபடியாகவே வைத்திருந்த அந்த வரிசை கவனிக்கத்தக்கது.

ஹைதராபாத்துக்கென்று தனிக் கதையும் உண்டு. நிஜாம் அரசு தன் சொந்த நாணயத்தை வைத்திருந்தது: ஹாலி சிக்கா, பிறகு உஸ்மானியா சிக்கா. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா என்ற வகையில் அதுவும் பிரிட்டிஷ் இந்திய ரூபாயைப் போலத்தான். மதிப்பு மட்டும் வேறு. 1950இல் இந்திய ரூபாய் இங்கே வந்தபோது ஏழு ஹைதராபாத் ரூபாய்க்கு ஆறு இந்திய ரூபாய் என்று கணக்கு. 100 இந்திய ரூபாய் வேண்டுமென்றால் 116 ரூபாய் 10 அணா 8 பை கொடுக்க வேண்டும். தெலுங்கு வீடுகளில் மொய்யாக 116 ரூபாய் வைக்கும் வழக்கத்துக்கு இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஹைதராபாத் நாணயம் 1959வரை செல்லுபடியாக இருந்தது. இதற்கு நடுவில் 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்துவிட்டது. ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா. கால் பைசாவை யாரும் கொடுக்க முடியாது. ஆகவே ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25 என்று முழுமையாக்கிய பட்டியல் புழங்கியது. அன்றைய ஹைதராபாத் கடைக்காரர் ஒருவர் இரண்டு வகை ரூபாய், இரண்டு பிரிவுமுறை, ஒரு முழுமையாக்கும் விதி எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருந்திருக்க வேண்டும். எடைகளும் 1958 முதல் 1962க்குள் படிப்படியாகச் சேரிலிருந்து கிலோவுக்கு மாறின.

நாணயம் தசமமானதால் தசமத்தைப் பைசாவை வைத்துச் சொல்லித் தருவது ஆசிரியர்களுக்கு இயல்பாகிவிட்டது. அந்த இயல்பு இன்று இரண்டு வகையில் உதவாமல் போய்விட்டது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டன, 50 பைசாவைக் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பைசாவைக் கையில் தொட்டிருக்காது. 'ஒரு பென்சில் 2.50' என்ற கணக்கு அதற்குப் பழங்கதை. யுபிஐ வந்தபின் 22 ரூபாய் 40 பைசாவை அப்படியே அனுப்ப முடிகிறது என்பது உண்மை. ஆனால் கைப்பேசி தொகையை எடுத்துக்கொள்கிறது. சில்லறை எண்ணி வாங்குவது இல்லை. மிச்சம் சரிபார்ப்பதுதான் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல கழித்தல் பயிற்சி. கியூஆர் அட்டை வந்த கடைகளில் அது நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. பள்ளியில் கடை விளையாட்டை மூன்றாம் வகுப்போடு நிறுத்தாமல் ஐந்தாம் வகுப்புவரை நடத்த இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் ஆழமானது. 0.4 பெரியதா, 0.35 பெரியதா? 35 நான்கைவிடப் பெரியது என்பதால் 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். லாரன் ரெஸ்னிக், பெர்லா நெஷர் குழுவினர் அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்ஸ் மூன்றிலும் இதைக் கண்டு 1989இல் எழுதினார்கள். மெல்போர்னில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் ஆயிரக்கணக்கான மாணவர்களைத் தொடர்ந்து சோதித்து இந்தத் தவறுகளை வகைப்படுத்தினார்கள். புள்ளிக்குப் பின் நீளமாக இருப்பதே பெரியது என்பது ஒரு கூட்டம். குட்டையாக இருப்பதே பெரியது என்பது இன்னொரு கூட்டம். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று கேட்டதை வைத்து, நூறின் பங்காக வரும் எதுவும் சிறியது என்று முடிவு செய்துவிட்டவர்கள் இவர்கள். இரண்டாம் கூட்டத்துப் பிள்ளை 0.4-ஐயும் 0.35-ஐயும் ஒப்பிடச் சொன்னால் சரியான விடை சொல்லும். ஆசிரியர் பாராட்டிவிட்டு நகர்வார். 0.3-ஐயும் 0.35-ஐயும் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

இப்போது கடையைப் பாருங்கள். பணம் எப்போதும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். தராசு எப்போதும் மூன்று: 0.350, 0.400. இலக்க எண்ணிக்கை சமமாக இருக்கும்வரை புள்ளியை மறந்துவிட்டு 350, 400 என்று முழு எண்ணாகவே ஒப்பிடலாம், விடையும் சரியாக வரும். ரூபாயும் பைசாவும் பிள்ளைக்கு இரண்டு தனித்தனி முழு எண்கள்; நடுவில் உள்ள புள்ளி ஒரு வேலி. 3.5 ரூபாய் என்றால் மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று அது படிப்பது அதனால்தான். ஆக, எத்தனை நூறு பணக் கணக்கு போட்டாலும் அந்தத் தவறு தொடப்படாமலே இருக்கும், பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டே இருக்கும். அன்றாடக் கணக்கு தசமத்துக்கு உதவும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவர் வேண்டுமென்றே 0.4 கிலோ, 0.35 கிலோ, 0.125 கிலோ என்று நீளம் மாற்றி மாற்றிக் கொடுக்காவிட்டால் தராசு எதையும் கற்பிக்காது.

புள்ளி வைத்த எண்ணெல்லாம் தசமமும் இல்லை. உப்பல் மைதானத்தில் 2025 மார்ச் 23 அன்று சன்ரைசர்ஸ் அணி 20 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 286 எடுத்தது. ஓவருக்கு 14.3 என்ற ரன் விகிதம் சுத்தமான தசமம். ஆட்டத்தின் நடுவே திரையில் 15.4 ஓவர் என்று வருவது தசமம் கிடையாது: பதினைந்து ஓவரும் நான்கு பந்தும். இன்னும் இரண்டு பந்து போட்டால் 15.6 ஆகாது, 16 ஆகிவிடும். மணி 1.30 என்று எழுதுவதும் இதே வகை. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த ஒரு வகுப்பில் இந்த இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எப்போது அடுத்த முழு எண்ணுக்குத் தாவும் என்று கேட்டால் ஒரு பீரியட் போதாது. எதிரி அணி 15.4 ஓவரில் 157 எடுத்திருந்தால் அதன் ரன் விகிதத்தை 157-ஐ 15.4-ஆல் வகுத்துக் கண்டுபிடிக்கலாமா என்று ஐந்தாம் வகுப்பே வாதாடும். 15.4 ஓவர் என்பது 94 பந்து என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லும்.

தசமத்துக்கு நல்ல இடம் நீளம். மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று வெட்டிய குழாய்த் துண்டுகளைக் கோத்து எண்ணை நீளமாகக் காட்டினார்கள். நமக்கு ஒரு மீட்டர் நீளச் சார்ட் பேப்பர் பட்டை போதும். பத்தாக மடித்தால் 0.1, அதில் ஒன்றைப் பத்தாக்கினால் 0.01. நாலு பங்கு நீளத்தை அறுத்து 0.35 நீளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வாதம் முடிந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் 'மேத் மேஜிக்' ஐந்தாம் வகுப்புப் புத்தகம் 'பத்திலொன்றும் நூறிலொன்றும்' என்ற பாடத்தில் பென்சில் நீளத்தை அளப்பதிலிருந்து தொடங்கியது சரியான தேர்வு. 2005 கலைத்திட்டச் சட்டகத்துக்காகக் கணிதம் பற்றிய தேசியக் குழுவைத் தலைமையேற்று நடத்தியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம், பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் நோக்கம் என்று அந்தக் குழு சொன்னது. அந்த வரிசையில் வந்த புத்தகங்கள் பழைய பொருள் வாங்கி விற்கும் பெண்ணையும் மீனவர் படகையும் பாடமாக்கின. 2024, 2025இல் அவற்றுக்குப் பதிலாக 'மேத்ஸ் மேளா' வந்துவிட்டது. எந்தப் புத்தகம் வந்தாலும் பட்டையை மடிக்க வேண்டியது வகுப்பில்தான்.

பிள்ளை ஏற்கனவே கையோடு கொண்டுவருவது ஒன்று உண்டு. தக்கனி உருது பேசும் வீட்டில் அது 'சவ்வா', 'டேட்', 'டாயி' கேட்டு வளர்ந்திருக்கிறது. தெலுங்கு வீட்டில் பாவு, அர, முப்பாவு. தமிழ் வீட்டில் ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை. அந்தச் சொற்களின் அளவு அதன் கைக்குத் தெரியும்: முக்கால் கிலோ வெங்காயம் பையில் எவ்வளவு கனக்கும், இரண்டேகால் மீட்டர் துணியில் என்ன தைக்கலாம். பள்ளி இந்த அறிவைக் கேட்பதில்லை. 2024 டிசம்பரில் நடந்த பரக் தேசிய ஆய்வில் ஆறாம் வகுப்பினரில் 29 சதவீதம் பேர்தான் அரை, கால் போன்ற எளிய பின்னங்களைக் குறிக்கவும் ஒப்பிடவும் முடிந்தது. சந்தையில் 'பாவு' கேட்கத் தெரிந்த பிள்ளைகளும் அந்த மீதிப் பேரில் இருக்கத்தானே வேண்டும்?

இந்தப் பின்னச் சொற்கள் எங்கே அதிகம் உதவும் என்றால், எந்தச் செயலைப் போடுவது என்று பிள்ளை குழம்பும் இடத்தில். 1981இல் இங்கிலாந்தில் பெல், ஸ்வான், டெய்லர் மூவரும் கண்டது: ஒரு காலன் பெட்ரோல் விலையைக் கொடுத்து ஒன்றைவிடக் குறைவான அளவுக்கு விலை கேட்டால், பெருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகள் வகுத்தார்கள். விடை குறைய வேண்டும் என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது; பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்ற பழைய நம்பிக்கை வகுக்கச் சொன்னது. 1985இல் இத்தாலியில் ஃபிஷ்பைன் குழுவினரும் இதையே உறுதி செய்தார்கள். நம் பெட்ரோல் பங்கில் இது தினமும் நடக்கிறது: லிட்டர் 107 ரூபாய் சொச்சமாக இருக்கும்போது நூறு ரூபாய்க்குப் போட்டால் மீட்டரில் 0.93 லிட்டர் காட்டும்.

கத்தரிக்காய் கிலோ 35 ரூபாய், தராசில் 0.640. எழுதுவதற்குமுன் சொல்லிப் பார்க்கட்டும்: அரை கிலோ 17 ரூபாய் 50 பைசா, முக்கால் கிலோ 26 ரூபாய் 25 பைசா. 0.640 இரண்டுக்கும் நடுவில், சரிபாதிக்குச் சற்று மேலே. விடை 22 ரூபாய்ப் பக்கம் வர வேண்டும். பிறகு 35-ஐ 0.64-ஆல் பெருக்கினால் 22.40. வகுத்த பிள்ளைக்கு 54 ரூபாய் சொச்சம் வந்திருக்கும். அது முக்கால் கிலோ விலையைவிட அதிகம் என்று அதன் கண்ணுக்கே தெரியும். எந்தச் செயல் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. ரெசிஃபி சிறுவன் 105, 210, 315 என்று போனதும் இந்த வழிதான்: தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்கு. அதை எழுத்துக்குக் கொண்டுவருவது மட்டும் பள்ளியின் வேலை. நகைக்கடைக்கும் இது பொருந்தும். இங்கே பலகையில் பத்து கிராம் விலை. தமிழ் வீட்டுக் கணக்கு எட்டு கிராம் பவுன். 2.350 கிராம் மோதிரம் கால் பவுனுக்கு மேலா கீழா என்று கேட்டால் பெருக்கல் வகுத்தல் எதுவும் இல்லாமலே ஒரு நல்ல தசமக் கணக்கு.

அடிப்படைக் கணக்கே வராத பிள்ளைகளிடம் இதெல்லாம் எடுபடுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2024 அசர் அறிக்கைப்படி மூன்றாம் வகுப்பில் கழித்தல் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம், ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 சதவீதம்; இரண்டுமே 2022ஐவிடக் கூடியிருக்கின்றன. அசர் கிராமப்புற ஆய்வு. முழுக்க நகரமான ஹைதராபாத் மாவட்டம் அதில் வருவதில்லை. 2021இல் மத்திய அரசின் நிபுண் பாரத், 2022இல் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும், அதே ஆண்டு ஆகஸ்டில் தெலங்கானாவில் தொலிமெட்டு என்று மூன்று திட்டங்கள் இந்த அடிப்படைக்காக வந்தவை. அவற்றின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதலில் செயல்முறை, பிறகு வாக்கியக் கணக்கு என்ற வரிசையை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் தாமஸ் கார்பென்டர், எலிசபெத் ஃபென்னமா குழுவினர் 1980களிலிருந்து செய்த பணி, முதல் வகுப்புப் பிள்ளைகள் கழித்தல் கற்பதற்கு முன்பே கதைக் கணக்குகளைக் கல்லையும் விரலையும் வைத்துத் தீர்ப்பதைக் காட்டியது. கடன் வாங்கிக் கழித்தல் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தடையாக நிற்பது பல சமயம் மொழி. ஹைதராபாத் பழைய நகரத்தில் சிறு கட்டணத் தனியார் பள்ளிகள் எவ்வளவு அடர்த்தி என்பதை 2000ஆம் ஆண்டில் இங்கே வந்த ஜேம்ஸ் டூலி உலகத்துக்கு எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில வழி என்று சொல்லிக்கொள்பவை. வீட்டில் தக்கனியிலோ தெலுங்கிலோ 'பாவு' சொல்லும் பிள்ளை, ஆங்கில வாக்கியத்தில் அந்தப் 'பாவு'வைத் தேடி, எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு எதையாவது செய்கிறது. குறிச்சொல் உத்தி அங்கே சோம்பேறித்தனம் இல்லை. வாக்கியம் புரியாதபோது பிழைக்கும் வழி. 2022-23இல் தெலங்கானா அரசுப் பள்ளிகளும் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஆங்கில வழிக்கு மாறின. அதற்காக ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று இருமொழிப் பாடநூல் அச்சிட்டது நல்ல முடிவு. வாக்கியக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது அரிது: வலப்பக்கத்தில் படித்ததை இடப்பக்கத்தில் சரிபார்த்து, வீட்டு மொழியில் கதையாகச் சொல்லிவிட்டு, பிறகு எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2026-27இல் ஐந்தாம் வகுப்புக்கு வருகிறார்கள். நிபுண் பாரத் தனக்கு வைத்துக்கொண்ட இறுதி ஆண்டும் அதுவே. தேர்வுகள் அவர்களைச் சூழ வரும். ஹைதராபாத்தில் இருக்கும் மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு அந்த வினாத்தாளில் மூன்று வகைக் கேள்விகளையாவது வைக்கலாம்: தேவையில்லாத ஓர் எண் கலந்த கணக்கு ஒன்று, 0.3, 0.35, 0.125 ஆகியவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்வது ஒன்று. விடை எந்த இரண்டு ரூபாய்க்கு நடுவில் வரும் என்பதைக் கணக்கிடாமல் சொல்லக் கேட்பது ஒன்று. ஆசிரியர் எதைத் தேர்வில் பார்க்கிறாரோ அதையே வகுப்பில் நடத்துவார். வினாத்தாளை இரண்டு மொழியிலும் அச்சடித்து, விடையை வாயால் சொல்லவும் சில பள்ளிகளில் அனுமதித்துப் பார்த்தால், எழுத்தில் திணறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கணக்கு உண்மையில் தெரியும் என்பது முதல் தடவையாகத் தெரிய வரும்.